ஹெட்போனைத் திருப்பி அனுப்புமுன் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்

நான் வாங்கிய முதல் ஏஎன்சி, அதாவது வெளிச்சத்தத்தை அடக்கும் ஹெட்போனை நாலாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்தால் வலது காதில் இன்ஜின் சத்தம் அடங்கிவிடுகிறது, இடது காதில் உறுமிக்கொண்டே இருக்கிறது, ஆகவே இடது பக்கம் பழுது என்று எழுதிப் போட்டேன். மாற்றுப் பெட்டி வந்தது. அதிலும் இடது காதில் அதே உறுமல். ஒரு வாரம் விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் பேருந்து ஏறி ஹெட்போனை மாட்டினால், இரண்டு பக்கமும் கப்சிப். என் கண்ணாடியின் இடது காம்பு வளைந்துபோய்க் காதுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது, அந்த இடுக்கு வழியாகத்தான் இத்தனை நாளும் சத்தம் உள்ளே வந்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் காம்பை நிமிர்த்திக் கொடுத்தார்கள், காசு கூட வாங்கவில்லை.

அதற்கப்புறம் யாராவது "இது வேலை செய்யலை" என்று ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் முதலில் ஆளைப் பார்க்கிறேன், அப்புறம் அவர் போனை, கடைசியில்தான் ஹெட்போனை.

இங்கே சொல்வதெல்லாம் காதை முழுக்க மூடும் வகைக்கு. சோனி டபிள்யூஹெச்-சிஹெச்720என், ஜேபிஎல் டியூன் 770என்சி, சவுண்ட்கோர் ஸ்பேஸ் ஒன் மாதிரி நடுத்தர விலையில் கிடைப்பவை. உங்களுடையது வேறாக இருந்தாலும் பரவாயில்லை, வியாதி ஒன்றுதான். உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள்.

"ஏஎன்சி போட்டும் சத்தம் குறையவில்லை"

எந்தச் சத்தம்? அதைச் சொல்லுங்கள் முதலில். வீட்டில் மாவு ஆட்டும் கிரைண்டர் இருந்தால் அதுதான் நல்ல சோதனைக் கருவி. அது ஓடும்போது ஏஎன்சியைப் போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டுப் பாருங்கள். அடியில் கேட்கும் அந்தக் கனத்த உறுமல் தெளிவாகக் குறைய வேண்டும். அதே சமையலறையில் மிக்ஸியைப் போட்டால் அதன் கீச்சு உள்ளே வரத்தான் செய்யும். குக்கர் விசில் வரும், குழந்தை அழுகை வரும், பக்கத்து சீட்டுக்காரர் போனில் சொத்துத் தகராறு பேசுவதும் வார்த்தை வார்த்தையாக வரும். இதெல்லாம் பழுதில்லை.

வெளிச்சத்தத்தை மைக்கால் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே எழுப்பி, ஒன்றை ஒன்று அடிக்கவிடுவதுதான் ஏஎன்சி. 100 ஹெர்ட்ஸ் உறுமலில் ஒரு அலையின் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர், எதிரலை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பொருந்திவிடும். 5,000 ஹெர்ட்ஸ் கீச்சுக்கு அலை நீளமே ஏழு சென்டிமீட்டர்தான், இம்மி பிசகினால் அடக்குவதற்குப் பதில் கூடவே சேர்ந்து கத்தும். அதனால் சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் எலக்ட்ரானிக்ஸ் ஒதுங்கிக்கொள்ளும், குஷன் எவ்வளவு நன்றாக மூடுகிறதோ அவ்வளவுதான். போஸ் ஆடியோ நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டன் போகும் விமானத்தில் உட்கார்ந்து இதற்குக் கணக்குப் போட ஆரம்பித்தது இன்ஜின் இரைச்சல் தாங்காமல்தான், 1989இல் அவர் நிறுவனம் விற்க ஆரம்பித்த ஏஎன்சி ஹெட்செட்டும் விமானிகளுக்கானதுதான். அந்த மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்துக்காகப் பிறந்த பொருளிடம் போய், மனிதப் பேச்சை நிறுத்தவில்லையே என்று கோபித்துக்கொண்டால் எப்படி? மெல்லிசாக ஒரு பாட்டையோ மழைச் சத்தத்தையோ ஓடவிடுங்கள், பேச்சு அதில் கரைந்துவிடும்.

சரி, கிரைண்டர் உறுமலே குறையவில்லை என்றால்? பட்டனைத் தெரியாமல் அழுத்தி வெளிச்சத்தம் கேட்கும் முறைக்கு மாற்றியிருக்கிறீர்களா என்று போனில் ஹெட்போன் கம்பெனியின் செயலியில் பாருங்கள். பல மாடல்களில் ஒரே பட்டன்தான் ஏஎன்சி, வெளிச்சத்தம், இரண்டும் இல்லாத நிலை என்று சுற்றிச் சுற்றி வரும். அதற்கப்புறம் இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு கப்பையும் தலையோடு லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் உறுமல் சட்டென்று குறைந்தால் ஹெட்போன் நன்றாக இருக்கிறது, உங்கள் காதைச் சுற்றி எங்கேயோ இடுக்கு இருக்கிறது. கண்ணாடிக் காம்பு, ஜிமிக்கி, காதுக்கு மேல் தள்ளிவிட்ட முடி, தொப்பி, முக்காடு, இவற்றில் ஒன்றாக இருக்கும். தடித்த பிளாஸ்டிக் காம்பைவிட மெல்லிய கம்பிக் காம்பு எவ்வளவோ மேல். தாழ்ந்த சத்தம்தான் இந்த மாதிரி இடுக்கில் முதலில் நுழையும், உள்ளே ஓடும் பாட்டின் பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தமும் அதே வழியாக வெளியே ஓடிவிடும். "ஏஎன்சியும் இல்லை, பேஸும் இல்லை" என்று சேர்த்து யாராவது புகார் சொன்னால் எனக்கு அங்கேயே சந்தேகம் தீர்ந்துவிடும்.

அழுத்தியும் ஒன்றும் மாறவில்லையா? பெட்டியை எடுத்துப் படியுங்கள். ஏஎன்சி என்று போட்டிருக்கிறதா, ஈஎன்சி என்றா? ஈஎன்சி என்றால் நீங்கள் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனைக்குப் போகாமல் வடிகட்டுவது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விளம்பரத்தில் இரண்டையும் "நாய்ஸ் கேன்சலேஷன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகிறார்கள், விலையும் இரண்டாயிரத்துச் சொச்சம் என்று பார்த்ததும் விரல் தானாக அழுத்திவிடுகிறது. இன்னும் வாங்காதவர்கள் இந்த ஒரு எழுத்தை மட்டுமாவது பார்த்து வாங்குங்கள். பெட்டியில் போடும் டெசிபல் எண்ணையும் நம்பி ஏமாற வேண்டாம், அது பெரும்பாலும் எந்த அலைவரிசையில் அதிகமாக அடங்கியதோ அந்த ஒரு புள்ளியின் கணக்கு.

"ஏஎன்சி போட்டால் புஸ் புஸ் என்று காற்று அடிக்கிறது"

நம் வீடுகளில் இது நிறைய. வெளிக்கப்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கிறதல்லவா, அவை மைக். டேபிள் ஃபேன் நேராக முகத்தில் அடித்தால், சில சமயம் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தாலே, காற்று அந்தத் துளையில் மோதுவதைச் சத்தம் என்று நினைத்து ஹெட்போன் எதிரலை எழுப்ப ஆரம்பித்துவிடும். இல்லாத சத்தத்துக்கு எதிர்ச்சத்தம். ஃபேனைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள், அல்லது செயலியில் காற்றுச் சத்தம் குறைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். பைக்கில் போகும்போது இந்தத் தொந்தரவு வருகிறது என்று ஒரு தம்பி கேட்டார். பைக்கில் ஹெட்போனைக் கழற்றிப் பையில் வைத்தால் அது முழுசாகச் சரியாகிவிடும் என்று சொன்னேன்.

அமைதியான அறையில் மெல்லிசாக "ஸ்ஸ்" என்று கேட்பது வேறு விஷயம். அது மைக்கின் சொந்த இரைச்சல், நடுத்தர விலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்டு, ராத்திரியில் ஏஎன்சியை நிறுத்திவிட்டால் தீர்ந்தது. படுத்துக்கொண்டு தலையணையில் கப் அழுந்தும்போது "கீ" என்று ஊளையிட்டால் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சத்தம் சுற்றுகிறது என்று அர்த்தம், ஒலிபெருக்கிக்காரர் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ஊளையிடுமே, அதேதான். உட்கார்ந்திருக்கும்போதும் ஊளையிட்டால் குஷன் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, துளையில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும், ஊசியை விட்டுக் குத்தாதீர்கள்.

"காது அடைக்கிறது, தலை வலிக்கிறது"

மலையேறும் பேருந்தில் காது அடைப்பது போல இருக்கும். உண்மையில் காற்றழுத்தம் எதுவும் மாறவில்லை. தாழ்ந்த சத்தம் மட்டும் திடீரென்று காணாமல்போவதை மூளை அழுத்தம் மாறியதாக எடுத்துக்கொள்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். ஏஎன்சியின் அளவைக் குறைத்துவைத்து, கூடவே பாட்டை ஓடவிட்டுப் பழகினால் பலருக்குப் போய்விடும். சிலருக்குப் போவதே இல்லை, அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பழக வேண்டியதில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே திருப்பி எடுக்கும் அவகாசம் உள்ள இடத்தில் வாங்குங்கள் என்பேன். உச்சந்தலை வலித்தால் அது வேறு, எடையும் பிடிமானமும்தான் காரணம். சிஹெச்720என் 192 கிராம்தான், 250 கிராமுக்கு மேல் போகிறவையும் உண்டு, வித்தியாசம் மூன்றாவது மணி நேரத்தில் தெரியும்.

"மீட்டிங் ஆரம்பித்தவுடன் சத்தம் பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறது"

பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் முதல் திங்கட்கிழமை காலையில் அதிர்ச்சியடையும் இடம் இது. நேற்று வரை பாட்டு அருமையாக இருந்தது, லேப்டாப்பில் ஜூம் திறந்தவுடன் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது.

வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு ஒரு பாதை. பாட்டுப் பாதையில் நல்ல ஸ்டீரியோ வரும், ஆனால் ஒருவழிப் பாதை, உங்கள் மைக் அதில் போக முடியாது. ஏதாவது ஒரு மென்பொருள் ஹெட்போனின் மைக்கைக் கேட்ட உடனே இணைப்பு முழுவதும் பேச்சுப் பாதைக்குத் தாவிவிடும், அது மோனோ, இரண்டு காதுக்கும் ஒரே சத்தம், அதையும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 தடவைதான் அளந்து அனுப்பும். பாட்டுப் பாதையில் இது 44,100 அல்லது 48,000. ஆக ஹெட்போன் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதே கதிதான்.

வழி சுலபம். லேப்டாப்பின் சொந்த மைக்கில் பேசுங்கள், ஹெட்போனில் கேளுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் இன்புட் இடத்தில் லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஜூம், டீம்ஸ், மீட் எதுவோ அதற்குள்ளும் போய் மைக்கை மாற்றுங்கள், அவை தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். பழைய விண்டோஸ் என்றால் ஒரே ஹெட்போன் இரண்டு பெயரில் தெரியும், ஸ்டீரியோ என்று ஒன்று, ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்று ஒன்று, ஸ்டீரியோவை எடுங்கள். மீட்டிங் முடிந்தும் பாட்டு சரியாகவில்லையா? எங்கேயோ ஒரு பிரவுசர் டேப் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 11இல் கீழே வலது மூலையில் மைக் படம் தெரிகிறதா பாருங்கள், அந்த டேபை மூடினால் இரண்டு நொடியில் பாட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். எல்இ ஆடியோ என்கிற புதிய ப்ளூடூத் முறை இதைத் தீர்க்கிறது, ஆனால் லேப்டாப், ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும். அந்த ஒன்றுக்காகப் புதிதாக வாங்க நான் சொல்லமாட்டேன்.

எதிர்முனையில் இருப்பவர் "உங்க குரல் விட்டு விட்டு வருது" என்று சொன்னாலும் மருந்து இதுவேதான். ஹெட்போனின் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கன்னத்துக்குப் பின்னால் இருக்கிறது, சுற்றுச் சத்தத்தை வடிகட்டும் வேகத்தில் உங்கள் குரலின் ஓரங்களையும் சேர்த்து வெட்டிவிடும். தெருவில் நின்றுகொண்டு முக்கியமான போன் பேச வேண்டுமா, ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுப் போனைக் காதில் வையுங்கள்.

"விட்டு விட்டுக் கேட்கிறது"

வீட்டில் சரி, சென்ட்ரல் ஸ்டேஷனில் மோசம் என்றால் காற்றில் ரேடியோ அலைகளின் நெரிசல். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, வைஃபையும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் அந்த அலையை நன்றாக உறிஞ்சும். போன் வலது பின்பாக்கெட்டில், ஹெட்போனின் ஆன்டெனா இடது கப்பில் என்றால் நடுவில் முழு ஆள் நிற்கிறார். போனைச் சட்டைப் பைக்கு மாற்றிப் பாருங்கள், பல பேருக்கு அத்துடன் முடிந்துவிடும்.

ஆண்ட்ராய்டில் எல்டிஏசி (பாட்டைச் சுருக்கி ப்ளூடூத்தில் அனுப்பும் ஒரு முறை) போட்டிருந்தால் அடுத்த சந்தேகம் அதன் மேல். அது நொடிக்கு 330, 660, 990 கிலோபிட் என்று மூன்று வேகத்தில் ஓடும், 990இல் கட்டிவைத்தால் கூட்டத்தில் நிச்சயம் திக்கும். செயலியில் இணைப்புக்கு முன்னுரிமை என்று மாற்றிவிடுங்கள், அல்லது ஏஏசி என்கிற இன்னொரு முறைக்கு வந்துவிடுங்கள், பேருந்தில் வித்தியாசம் தெரிகிறது என்று சொல்பவரை எனக்கு நம்பத் தோன்றுவதில்லை. ஐபோன்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, ஐபோன் எல்டிஏசி அனுப்புவதே இல்லை, பெட்டியில் அந்த முத்திரைக்காக அவர்கள் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

லேப்டாப்பில் மட்டும் திக்கினால் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கோ டாங்கிளோ செருகியிருக்கிறீர்களா பாருங்கள். அந்தக் கம்பியிலிருந்து கசியும் இரைச்சல் 2.4இல் விழுகிறது என்று இன்டெல் 2012இலேயே ஓர் அறிக்கை போட்டது. வேறு பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றினாலே போதும்.

"பாட்டு தானாக நின்றுவிடுகிறது"

பேய் இல்லை. ஒரே சமயத்தில் போன், லேப்டாப் இரண்டிலும் இணைந்திருக்கிறீர்கள், போனில் வாட்ஸப் "டிங்" என்றதும் ஹெட்போன் அந்தப் பக்கம் ஓடிப்போய்விட்டு வருகிறது. வேலை நேரத்தில் ஒன்றைத் துண்டித்துவைப்பதுதான் நிம்மதி. சில மாடல்களில் காதிலிருந்து எடுத்தால் நிறுத்தும் சென்சார் இருக்கும், முடியோ கம்மலோ அதைக் குழப்பும். இன்னும் சிலவற்றில் நீங்கள் பேச ஆரம்பித்தால் பாட்டை நிறுத்தும் வசதி. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான், ஆனால் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தாலும் நிறுத்திவிடும், இருமினாலும் நிறுத்தும். என் மைத்துனர் ஒருத்தர், பாட்டு வந்தால் பாடாமல் இருக்க முடியாத ஆசாமி, மூன்று வாரம் இதனால் அவதிப்பட்டு ஹெட்போனுக்கு ரசனை இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். அதை அணைக்கச் செயலியில் ஒரே ஒரு பட்டன்.

"இணையவே மாட்டேன் என்கிறது"

பக்கத்து அறையில் கிடக்கும் பழைய டேப்லெட்டோ டிவியோ ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும். அவற்றில் ப்ளூடூத்தை அணையுங்கள். தீரவில்லை என்றால் போனிலிருந்து ஹெட்போன் பெயரை நீக்கி, ஹெட்போனையும் கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்து, புதிதாக இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் பயனில்லை.

"வாய் அசைவும் சத்தமும் ஒட்டவில்லை"

யூடியூப் மாதிரிச் செயலிகள் ப்ளூடூத்தில் சத்தம் வந்துசேரும் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தை நிறுத்தி ஒட்டவைத்துவிடும். விளையாட்டுகளில் அது முடியாது, துப்பாக்கி சுட்டு முடித்தபிறகுதான் சத்தம் வரும். கேமிங் மோட் இருந்தால் போடுங்கள், இல்லை என்றால் 3.5 மில்லிமீட்டர் கம்பியைச் செருகுங்கள். கீபோர்டு வாசிப்பவர்களுக்குக் கம்பி தவிர வேறு வழியே இல்லை.

"ஒரு பக்கம் கேட்கவில்லை"

போனின் ஆக்ஸசிபிலிட்டி பகுதியில் இடது வலது சமநிலைக் கோடு ஒன்று இருக்கிறது, குழந்தைகள் கையில் போன் போய்வந்தால் அது ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். நடுவில்தான் இருக்கிறது என்றால் கம்பியைச் செருகிக் கேளுங்கள். கம்பியிலும் அந்தப் பக்கம் ஊமை, இன்னொரு கம்பி போட்டாலும் ஊமை என்றால் உள்ளே ஏதோ அறுந்திருக்கிறது. கப்பை மடக்கி நிமிர்த்தும்போது சத்தம் வந்து வந்து போனால் மடிப்பில் ஓடும் கம்பி போய்விட்டது, பிரிக்காமல் பில்லோடு சர்வீசுக்குக் கொண்டுபோங்கள். இதுவும் பேட்டரி சாவதும்தான் இந்தப் பட்டியலில் நிஜமான பழுது.

"சார்ஜ் ஏறவில்லை, ஏறினாலும் நிற்கவில்லை"

இரண்டு முனையும் டைப்-சி உள்ள கம்பியில் ஏறவில்லை என்றால் பதறாதீர்கள். ஒரு முனை பழைய செவ்வக யுஎஸ்பி உள்ள கம்பியைப் பழைய போன் சார்ஜரில் செருகிப் பாருங்கள். உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன மின்தடையைச் சிக்கனம் பிடித்த சாதனங்கள் டைப்-சி சார்ஜரிடம் மின்சாரம் கேட்கத் தெரியாமல் விழிக்கும். அடுத்து, பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் ஏஎன்சி இல்லாமல் கிடைப்பது. டியூன் 770என்சிக்கு 70 மணி நேரம், ஏஎன்சி போட்டால் 44 மணி நேரம். இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பேட்டரி போய்விட்டது என்று சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் காருக்குள் போட்டுவிட்டுப் போவதும், மாதக்கணக்கில் சுத்தமாக இறங்கிய நிலையில் பீரோவில் வைப்பதும் பேட்டரியைக் கொல்லும். பாதி சார்ஜில் வையுங்கள்.

"கன்னத்தில் கறுப்புத் துகள் ஒட்டுகிறது"

குஷனின் செயற்கைத் தோல் உரிகிறது. ஈரக்காற்றும் வியர்வையும் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், கடலோர ஊர்களில் சீக்கிரமே உரிவதைப் பார்க்கலாம். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு மாட்டுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கழற்றியதும் உலர்ந்த துணியால் துடையுங்கள், சானிடைசர் போட வேண்டாம், அது தோலை வறட்டிவிடும். உரிந்தபிறகு மேலே துணியுறை மாட்டி ஒப்பேற்றினால் முதலில் சொன்ன இடுக்கு மறுபடி வந்துவிடும், ஏஎன்சி படுத்துக்கொள்ளும். உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் மாற்றுக் குஷன் கிடைக்கும், கம்பெனிக் குஷன் கிடைத்தால் அதுவே நல்லது, மற்றவற்றில் தடிமனும் உள்ளே இருக்கும் பஞ்சும் மாறினால் பாட்டின் சுவையே மாறும். பழைய குஷனைக் கழற்றும்போது உள்ளே எல், ஆர் எழுதிய மெல்லிய வலைத்துணி கூடவே வந்தால் எடுத்துப் பத்திரமாக வையுங்கள், சில மாடல்களில் புதிய குஷனோடு அது வராது. எனக்கு இது தெரியவந்தபோது குப்பை வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.